சித்தூர் ஒரு வரியா, மூன்று வரியா? மீண்டும் மீண்டும் பயன்படும் டேட்டா கிரிட்டை வடிவமைப்பது எப்படி?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் 41,74,064 பேர். 2022 ஏப்ரல் 4 அன்று மாநிலத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆனபோது, அந்தச் சித்தூர் மூன்றாகப் பிரிந்தது. ஒரு பகுதி சித்தூராகவே தொடர்ந்தது. ஒரு பகுதி, நெல்லூரின் சில பகுதிகளோடு சேர்ந்து திருப்பதி மாவட்டம் ஆனது. மதனப்பள்ளி பக்கம் அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது.

இப்போது 2021, 2023 ஆண்டுகளின் மாவட்டவாரி தரவை ஒரே அட்டவணையில் காட்டச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். பெயரை மட்டும் வைத்துப் பொருத்தினால், சித்தூரில் பள்ளி, ரேஷன் கார்டு, வாக்காளர் எல்லாமே சட்டென்று குறைந்ததுபோல் தெரியும். உண்மையில் யாரும் எங்கேயும் போகவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. அட்டவணை பார்க்கிறவருக்கு அது தெரியாதே!

டேட்டா கிரிட் வெறும் அலங்காரம் இல்லை என்பதற்கு இது ஓர் உதாரணம். ரியாக்ட், வ்யூ, ஆங்குலர் என்று நீங்கள் எதில் வேலை செய்தாலும் கீழே உள்ள விஷயங்கள் பொருந்தும்.

கிரிட்டுக்கு என்ன தெரியக் கூடாது?

முதல் விதி இதுதான்: கிரிட்டுக்கு மாவட்டம் என்றால் என்னவென்றே தெரியக் கூடாது. "திருப்பதி என்றால் இந்த நிறம்" என்று உள்ளே ஓர் 'இஃப்' எழுதிய அன்றே, அந்தக் கம்போனென்ட்டை அடுத்த ப்ராஜெக்ட்டில் பயன்படுத்த முடியாது. வெளியிலிருந்து இரண்டு விஷயம் வந்தால் போதும்: வரிகள், நெடுவரிசைகளின் விவரம். தலைப்பு, மதிப்பை எங்கிருந்து எடுப்பது, எப்படிக் காட்டுவது, எப்படி வரிசைப்படுத்துவது என்ற நான்கையும் ஒவ்வொரு நெடுவரிசையும் தானே சொல்ல வேண்டும். நாளைக்குத் தேர்தல் முடிவோ நெல் விலையோ வந்தால், விவரத்தை மாற்றினால் போதும். கிரிட்டைத் தொட வேண்டியதில்லை.

வரிக்கு அடையாளம் எது?

பெயர் அடையாளம் ஆகாது. 2011 சித்தூரும் 2023 சித்தூரும் ஒரே பெயர்தான், ஆனால் வேறு வேறு நிலப்பரப்பு. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி டைரக்டரி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு எண் தருகிறது. அந்த எண்ணோடு ஆண்டையும் சேர்த்து அடையாளமாக வையுங்கள்.

வரியின் இடத்தையே (0, 1, 2...) அடையாளமாக வைக்கும் குறுக்குவழியும் வேண்டாம். சித்தூர் வரியை விரித்துவிட்டு வரிசையை மாற்றினால், விரிந்திருப்பது வேறு மாவட்டமாக இருக்கும்.

காலி வேறு, பூஜ்யம் வேறு

2011 நெடுவரிசையில் திருப்பதி மாவட்டத்துக்கு என்ன போடுவீர்கள்? அப்போது அந்த மாவட்டமே இல்லை. அங்கே 0 என்று போட்டால் அது பொய். ஒரு கோடு (—) போடுங்கள், காரணத்தைக் குறிப்பாகக் கொடுக்க வழி வையுங்கள். ஏறுவரிசையோ இறங்குவரிசையோ, காலிக் கட்டங்கள் எப்போதும் கடைசியிலேயே நிற்கட்டும். சராசரி கணக்கிடும்போது அவற்றைச் சேர்க்கவே கூடாது.

மதிப்பும் தோற்றமும் தனித்தனி

41,74,064 என்பது வாசகருக்கு. கிரிட்டின் உள்ளே அது காற்புள்ளி இல்லாத எண்ணாகவே இருக்க வேண்டும். எழுத்தாக வைத்தால் 10-ஐ 9-க்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும். லட்சம், கோடிக் கணக்கில் காற்புள்ளி போடும் வேலையை பிரவுசரின் எண் வடிவமைப்பு வசதியே பார்த்துக்கொள்ளும். இந்திய மொழிக் குறியீட்டைக் கொடுத்தால் போதும்.

தமிழில் வரிசைப்படுத்தினால்?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அகராதிப்படி சித்தூர் முன்னால், சிதம்பரம் பின்னால். புள்ளி வைத்த 'த்' முதலில் வர வேண்டும். யூனிகோட் எண்களை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் இது தலைகீழாகும், ஏனென்றால் 'ம' எழுத்தின் எண் புள்ளியின் எண்ணைவிடச் சிறியது. நமக்குக் கடைசி மெய்யான 'ன'வும் யூனிகோடில் 'ந'வுக்கு அடுத்தே வந்துவிடும். ஆகவே ஒப்பிடும் முறையை நெடுவரிசையே கொடுக்கும்படி வையுங்கள். மொழிக்கேற்ற ஒப்பீட்டு வசதி பிரவுசர்களிலேயே இருக்கிறது. அதை இந்த இரண்டு ஊர்ப் பெயர்களை வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு நம்புங்கள்.

வரிகள் அதிகமானால்?

பழைய சித்தூர் மாவட்டத்தில் 66 மண்டலங்கள். அத்தனையையும் அப்படியே காட்டலாம், ஒன்றும் ஆகாது. பல்லாயிரம் வரிகள் என்றால், திரையில் தெரிகிறதை மட்டும் வரையும் 'விர்ச்சுவல் ஸ்க்ரோல்' உதவும். அதற்கும் ஒரு விலை உண்டு: வரையப்படாத வரிகளை பிரவுசரின் தேடல் கண்டுபிடிக்காது. எனவே தேடல் பெட்டியை நீங்களே தர வேண்டும்.

இன்னொன்று: சர்வரிலிருந்து 50, 50 வரிகளாக வருகிறது என்றால், வரிசைப்படுத்துவதும் சர்வரில்தான் நடக்க வேண்டும். இல்லையென்றால் கையில் இருக்கும் 50-க்குள் முதலிடம் பிடித்த மாவட்டத்தை, மாநிலத்திலேயே முதலிடம் என்று வாசகர் நினைத்துக்கொள்வார்.

எல்லோராலும் படிக்க முடிகிறதா?

வாசிக்க மட்டும்தான் என்றால் சாதாரண எச்டிஎம்எல் டேபிளே போதும். எந்த நெடுவரிசை, எந்தத் திசையில் வரிசையாகியிருக்கிறது என்பதை 'ஏரியா-சார்ட்' மூலம் சொல்லுங்கள். பார்வையற்றவரின் ஸ்க்ரீன் ரீடர் அதைப் படித்துக் காட்டும். கட்டங்களுக்குள் திருத்த வேண்டும் என்றால் மட்டும் 'கிரிட்' என்று அறிவியுங்கள். அப்போது அம்புக்குறி விசைகளால் நகரும் வசதியைத் தருவதும் உங்கள் பொறுப்பு. மொபைலில் முதல் நெடுவரிசை நகராமல் நிற்கட்டும், இல்லையென்றால் எண் எந்த ஊருக்குச் சேர்ந்தது என்றே தெரியாது.

நாமே எழுதணுமா?

அவசியமில்லை. டான்ஸ்டாக் டேபிள் போன்ற 'ஹெட்லெஸ்' நூலகங்கள் வரிசை, வடிகட்டல் கணக்கைப் பார்த்துக்கொள்ளும், தோற்றத்தை உங்களிடம் விட்டுவிடும். ஏஜி கிரிட் போன்றவை தோற்றத்தையும் சேர்த்தே தரும். எதை எடுத்தாலும் அடையாளம், காலிக் கட்டம், தமிழ் வரிசை மூன்றையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 1960-இல் திருத்தணி சித்தூரிலிருந்து அன்றைய மதராஸ் மாநிலத்துக்கு வந்தது. 2022-இல் ஸ்ரீஹரிகோட்டா நெல்லூரிலிருந்து திருப்பதிக்குப் போனது. எல்லைகள் இனியும் மாறும். அன்றைக்கு வரிகளை மட்டும் மாற்றினால் போதும், கிரிட்டை மாற்ற வேண்டாம் என்ற நிலை இருந்தால், உங்கள் வடிவமைப்பு சரி.