நாடாவிலிருந்து கோப்புக்கு: தங்கவயல் ஒளிப்பதிவுகள் எங்கே மங்கின?

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களின் திருமணங்கள், காதுகுத்து, கோயில் திருவிழாக்கள் ஆகியன விஎச்எஸ் நாடாக்களில் பதிவாயின. கன்னடமும் தெலுங்கும் சூழ வளர்ந்த ஒரு தொழிலாளர் தமிழ், பேசுவோரின் முகத்தோடும் கையசைவோடும் எஞ்சியிருப்பது பெரும்பாலும் இவற்றில்தான். அவ்வூரார் பலர் இன்று வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். நாடாக்களும் அவர்களோடு வந்து, இங்குள்ள கடைகளில் கணினிக் கோப்புகளாக மாறுகின்றன. மாறிய பின் நாடா குப்பைக்குப் போவதே வழக்கம்.

ஆய்வின் பொருட்டு இத்தகைய கோப்புகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். கை அசையும்போது சீப்புப் பல்போன்ற கோடுகள், இளைத்த முகங்கள், முன்னும் பின்னும் துள்ளும் நடை, எங்கும் மங்கல். காரணம் கேட்டால், "பழைய நாடா, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். இவ்விடையை என்னால் ஏற்க இயலவில்லை. நான் கண்டவரை, குறைகளுள் பெரும்பகுதி நாடாவின் முதுமையால் வந்தவை அல்ல. தொலைக்காட்சி வரலாற்றில் எடுக்கப்பட்ட சில முடிவுகளை அறியாமல் படியெடுத்ததால் வந்தவை.

முதல் முடிவு இன்டர்லேசிங். 1936இல் பிபிசி தனது 405 கோட்டு ஒளிபரப்பைத் தொடங்கியபோதே, ஒரு படத்தின் ஒற்றைப்படைக் கோடுகளை ஒருமுறையும் இரட்டைப்படைக் கோடுகளை மறுமுறையுமாக அனுப்பும் இம்முறை கையாளப்பட்டது. அலைக்கற்றையைப் பெருக்காமலே படத்தின் சிமிட்டலைக் குறைக்க இது வழிசெய்தது. இந்தியா ஏற்ற 625 கோட்டு முறையில் 576 கோடுகளே படத்தைத் தாங்குவன. நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொன்றும் இரண்டு ஃபீல்டுகள். எனவே ஒரு ஃபிரேம் என்பது ஒரு கணம் அன்று. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியுள்ள இரு கணங்கள். படக்குழாய்த் தொலைக்காட்சியில் இது கண்ணுக்குத் தெரிந்ததில்லை. (அக்குழாய்களைத் தயாரித்த நிறுவனங்களுள் ஒன்று இதே நகரத்தின் ஜாலஹள்ளியிலுள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ்.) கணினித் திரை இரு கணங்களையும் ஒருங்கே காட்டுவதால் சீப்புப் பற்கள் தோன்றுகின்றன.

இதைக் குறையென்று கருதிக் கடைக்காரர் ஒரு ஃபீல்டை நீக்கிவிடுகிறார். பற்கள் மறைகின்றன, கூடவே 576 கோடுகள் 288 ஆகின்றன, 20 மில்லிநொடிக்கு ஒருமுறை கிடைத்த தோற்றம் 40 மில்லிநொடிக்கு ஒருமுறை ஆகிறது. திருமண வீட்டாருக்கு இது பெரிய இழப்பன்று. மொழியியலாருக்கு அப்படியன்று. 'மாமா'வின் இடையிலுள்ள ஒற்றை மகரத்துக்கும் 'அம்மா'வின் இரட்டித்த மகரத்துக்கும் இடையே உதடு மூடியிருக்கும் கால அளவை, பின்னணியில் நாதசுரம் முழங்கும் ஒரு பதிவில், கண்ணால்தான் அளக்க வேண்டும். ஒற்றை மகரத்தின் மூடல் 100 மில்லிநொடிக்கும் குறைவாக இருப்பது இயல்பு. அதை இரண்டு படங்களைக் கொண்டு அளப்பதும் நான்கு படங்களைக் கொண்டு அளப்பதும் ஒன்றாகா.

இரண்டாவது முடிவு 1982ஆம் ஆண்டினது. டெல்லி ஆசிய விளையாட்டுகளை ஒட்டி நாம் வண்ணத் தொலைக்காட்சிக்கு மாறிய அதே ஆண்டில், சிசிஐஆர் 601 என்னும் பன்னாட்டுப் பரிந்துரை வெளியாயிற்று. அமெரிக்க 525 கோட்டு முறைக்கும் 625 கோட்டு முறைக்கும் ஒருசேரப் பொருந்தும்படி 13.5 மெகாஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பு வேகத்தையும், கோட்டுக்கு 720 பிக்சல்களையும் அது வகுத்தது. அழகிய சமரசம். ஆனால் அதன் விளைவாகப் பிக்சல் சதுரமாக இல்லாமல் போயிற்று. 720×576 கோப்பை 4:3 என்று குறிக்காமல் திறந்தால் மணமக்கள் சற்றே இளைத்துத் தோன்றுவது இதனால்தான். இதற்கு மருந்து எளிது. கோப்பின் குறிப்பை மாற்றினால் போதும், படத்தைத் தொட வேண்டியதில்லை.

மருந்தில்லாத பிழையும் உண்டு. மலிவான யுஎஸ்பி கருவிகள் சில, அமெரிக்க என்டிஎஸ்சி அமைப்பிலேயே விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் நம் பால் நாடாவை ஓட்டினால் வண்ணம் போகும், அல்லது படம் உருளும். பிறகு பால் அமைப்புக்கு மாற்றியும், சேமிக்கும் அளவை 720×480 என்றே விட்டுவிடுவோர் உளர். அப்போது இரு ஃபீல்டுகளின் கோடுகளும் ஒன்றோடொன்று குழைந்துவிடுகின்றன. பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாகப் பிரிக்க இயலாது. துள்ளும் நடையோ ஃபீல்டு வரிசை பிறழ்ந்ததால் வருவது. பால் டிவி கோப்பில் கீழ் ஃபீல்டு முந்தும், ஏனைய பலவற்றில் மேல் ஃபீல்டு முந்தும். இது திருத்தக்கூடியதே.

நாடாவின் குறையா, படியெடுப்பின் குறையா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. விசிஆரை நேரே ஒரு பழைய தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள். அங்கும் பனித்தூறல் விழுந்தால் ஹெட்டைத் துடைத்து டிராக்கிங்கைச் சரிசெய்ய வேண்டும். அங்குத் தெளிவாகவும் கோப்பில் மங்கலாகவும் இருந்தால், நாடாவைப் பழிப்பது தவறு. கோப்பின் அளவு 352×288 என்றிருந்தால், இடையில் யாரோ அதை விசிடியாக மாற்றியிருக்கின்றனர் என்று ஐயுறலாம். 1993இல் வகுக்கப்பட்ட அவ்வடிவம் படத்துக்கு ஒதுக்கியது நொடிக்கு 1.15 மெகாபிட் மட்டுமே.

விஎச்எஸ்ஸின் கிடைத் தெளிவே ஏறத்தாழ 240 கோடுகள். அதை 'ஃபோர் கே' ஆக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் உதட்டின் விளிம்பைத் தாமே வரைகின்றன. உ.வே.சா. 1887இல் சிந்தாமணியைப் பதிப்பிக்க ஏடுகளை ஒப்பிட்டபோது, சிதைந்த இடத்தைத் தன் கற்பனையால் நிரப்பியிருந்தால் அதை நாம் பதிப்பு என்று கொண்டிருப்போமா?

காலமும் குறைவு. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் விசிஆர் உற்பத்தியை நிறுத்தியது. இனிக் கிடைப்பவை பழைய பொருள் விற்கும் கடைகளில் உள்ளவையே. ஆகவே நாடா வைத்திருப்போர் கடையில் கேட்க வேண்டியது இதுதான்: 720×576 அளவு, இரு ஃபீல்டுகளும் கலையாமல், எஃப்எஃப்வி1 போன்ற இழப்பற்ற வடிவம். இது மிகுந்த இடம் கேட்கும். இயலாதெனில் டிவி வடிவம் போதும். மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி. யூடியூபுக்கான படியைத் தனியே எடுத்துக்கொள்ளலாம். கோப்பு கைக்கு வந்த பின்னும் நாடாவை எறியாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் நிறுத்தி வையுங்கள்.