புது விண்மீனின் இனம் அறிதல்

நீலகிரிக்கும் வானநூலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1871-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் ஒன்று தென்னிந்தியாவைக் கடந்து சென்றது. பிரெஞ்சு அறிஞர் ழான்சன் அதனைக் காண்பதற்கு எங்கள் மலையிலுள்ள சோலூரைத் தேர்ந்துகொண்டார். 1868-இல் குண்டூரில் கிரகணம் கண்டவரும் அவரே. அவருடைய தொலைநோக்கியோடு ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியும் இணைந்திருந்தது. சூரியனைச் சூழ்ந்த ஒளிமகுடத்தை அதன் வழியே நோக்கியபோது, சூரிய ஒளிக்கே உரிய கருங்கோடுகள் சில அங்கும் தென்பட்டன. மகுட ஒளியில் ஒரு பங்கு, சூரியனிடமிருந்து புறப்பட்டுச் சிதறிய ஒளியே என்பதற்கு அது சான்றாயிற்று. கோத்தகிரிவாசியாகிய எனக்கு இதில் சிறிது பெருமை உண்டு, மாணவர்கள் பொறுத்தருள்க.

சமையல் உப்பைச் சுடரில் தூவினால் மஞ்சள் ஒளி எழுவதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்டிருப்பீர்கள். அந்த மஞ்சள் சோடியத்திற்கு உரியது. இவ்வாறே ஒவ்வொரு தனிமத்திற்கும் நிறமாலையில் தனித்தனி இடங்கள் உண்டு. ஆகவே, கையால் தொட முடியாத பொருளின் உள்ளடக்கத்தை அதன் ஒளியைக்கொண்டே அறிகிறோம்.

இனி வெடிக்கும் விண்மீன்களுக்கு வருவோம். சூப்பர் நோவா என்பது ஒரு விண்மீனின் பெருவெடிப்பு. வெறும் ஒளிப்புள்ளியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேற்றுமை எளிதில் விளங்காது. 1941-இல் மின்கோவ்ஸ்கி என்னும் அறிஞர் அவற்றின் நிறமாலைகளை ஒப்பிட்டு, ஹைட்ரஜன் கோடுகள் இல்லாதவற்றை முதல் வகை என்றும், உள்ளவற்றை இரண்டாம் வகை என்றும் பிரித்தார். பிற்காலத்தார் முதல் வகையையும் மூன்றாக வகுத்தனர். சிலிக்கன் கோடு தெளிவாக உள்ளது ஒன்று. ஹீலியம் உள்ளது மற்றொன்று. இவ்விரண்டும் இல்லாதது மூன்றாவது.

பெயர் சூட்டும் விளையாட்டன்று இது. சிலிக்கன் காட்டும் வகை, வெண்குறு விண்மீன் வெடிப்பதால் உண்டாவது. வெண்குறு விண்மீன் தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் எல்லை உண்டு. அது சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது இக்கணக்கைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 19! இவ்வகை வெடிப்புகளின் பேரொளி ஏறக்குறைய ஒரே அளவினது என்பதால், மங்கலாகத் தோன்றுவதைக்கொண்டு தொலைவை அளந்துவிடலாம். பிரபஞ்சம் விரைவு மிகுந்து விரிகிறது என்று 1998-இல் கண்டதும் இம்முறையால்தான். வகையைத் தவறாகக் குறித்தால் தொலைவும் தவறிவிடும்.

1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒன்று வெடித்தது. 1604-க்குப்பின் தோன்றியவற்றுள் மிகப் பிரகாசமானது அதுவே. தென்வானில் இருந்தமையால், ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் அது அடிவானுக்கு மேல் சுமார் 8 பாகையே எழும்பியது. கையை நீட்டி மூடிய முட்டி மறைக்கும் உயரங்கூட இல்லை! அவ்வளவு தாழ்வில் காற்று மண்டலத்தின் கனம் ஒளியைப் பெரிதும் குறைத்துவிடும். அவ்வாறிருந்தும் காவலூரில் அதன் நிறமாலைகள் எடுக்கப்பட்டன. ஹைட்ரஜன் கோடுகள் இருந்தன. ஆகவே அது இரண்டாம் வகை.

சப்தரிஷி மண்டலத்தின் திசையில், சுமார் 2.1 கோடி ஒளியாண்டுத் தொலைவில், மெசியே பட்டியலின் 101-ஆம் எண்ணுடைய விண்மீன் கூட்டம் இருக்கிறது. அங்கே 2011 ஆகஸ்டில் ஒரு வெடிப்பு. ஹைட்ரஜன் இல்லை, சிலிக்கன் உண்டு. 2023 மே 19-இல் ஜப்பானிய அன்பர் இதகாகி மற்றொன்றைக் கண்டார். இதில் ஹைட்ரஜன் இருந்தது. ஒரே வீட்டில் பிறந்த இருவர், குணத்தில் எவ்வளவு வேறு!

சந்திரசேகரின் பெயர் தாங்கிய 2 மீட்டர் தொலைநோக்கி, லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் வழியே அதனை இயக்குகிறார்கள். 2023-ஆம் ஆண்டு வெடிப்பை முதல் நாட்களிலேயே அது நோக்கத் தொடங்கியது. அப்போது மிகக் குறுகிய ஒளிக்கோடுகள் தென்பட்டன. வெடிக்குமுன் அந்த விண்மீன் உதிர்த்திருந்த வாயு, வெடிப்பின் ஒளியால் சுடர்ந்ததன் அடையாளம் அவை. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவை மறைந்தன. சிதறி விரைந்த பொருள் அவ்வாயுவை மூடிக்கொண்டது. அதன்பின் நோக்கியவர்க்கு அகன்ற ஹைட்ரஜன் கோடுகளே கிட்டின.