வேடமும் ஆடையும்

சூனியக்காரி வேட அங்கி உடையா, பண்டிகைப் பொருளா? அமெரிக்கச் சுங்கத்துறையைப் பல்லாண்டுகள் அலைக்கழித்த கேள்வி இது. உடையென்றால் கனத்த தீர்வை. பண்டிகைப் பொருளென்றால் தீர்வையே இல்லை. தீர்வை அட்டவணையின் 95ஆம் அத்தியாயம் துணியாலான மாறுவேட உடைகளை விலக்கி வைத்திருக்கிறது. ஆயினும் மெலிந்த துணியில், ஓரங்கூடச் சரிவர மடித்துத் தைக்காத மலிவான ஹாலோவீன் வேடங்களைச் சுங்கத்துறை பண்டிகைப் பொருளாகவே ஏற்றது.

இதை எதிர்த்தது ரூபீஸ் என்னும் அமெரிக்க வேட உடை நிறுவனம். உள்நாட்டு உற்பத்தியாளர் என்ற முறையில், போட்டிச் சரக்குக்குத் தீர்வை விதிக்கக் கோரியது. 2002இல் சர்வதேச வணிக நீதிமன்றம் அதன் பக்கம் நின்றது. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. ‘உடை’ என்ற ஒரு சொல்லுக்கு நீதிபதிகள் நம் உரையாசிரியர்களைப் போலப் பொருள் துருவியிருக்கிறார்கள்.

வேடிக்கை பின்னர்தான். 2019இல், தான் இறக்குமதி செய்த கிறிஸ்துமஸ் தாத்தா உடைக்குத் தீர்வை கூடாதென்று அதே ரூபீஸ் அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நின்றது. முன்பு தன்னைத் தோற்கடித்த வாதத்தையே இப்போது கையில் எடுத்திருந்தது. பயனில்லை. மேற்சட்டையில் ஜிப், கால்சட்டையில் பை, உலர்சலவைக் குறிப்பு. ஆகவே இது உடைதான் என்றாயிற்று. மேற்சட்டைக்கு 32 விழுக்காடு, கால்சட்டைக்கு 28.2. ஒட்டுத்தாடியும் பொய்முடியும் தீர்வையின்றித் தப்பின.