எடைக்குச் சிக்காத தூசி

யானைக்கவுனியில் வால்டாக்ஸ் சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். காலையில் ஈரத்துணியால் ஜன்னல் கட்டையைத் துடைத்தால், சாயங்காலம் விரல் வைத்த இடத்தில் கரி. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது, எண்ணூருக்குப் போனது. லாரிப் புகை மட்டும் போகவில்லை. விரலில் ஒட்டும் கரியில் பெரும்பகுதி மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். நுரையீரலின் அடிவரை இறங்குவது 2.5 மைக்ரானுக்கும் சிறிய, கண்ணுக்குத் தெரியாத துகள்.

பசுமைக் கட்டட ஃபில்டர்களில் அச்சிட்டிருக்கும் ‘மெர்வ் 13’ என்ற எண் பிறந்ததே இந்த வித்தியாசத்தால்தான்.

முன்பு ஃபில்டரைச் சோதிக்கும் ஒரு வழி தராசு. தூசியை ஊதிவிட்டு, எத்தனை கிராம் பிடிபட்டது என்று பார்ப்பார்கள். 10 மைக்ரான் துகள் ஒன்றின் எடை, 1 மைக்ரான் துகள் ஆயிரத்தின் எடைக்குச் சமம். பருத்த தூசியைப் பிடித்தாலே நல்ல மதிப்பெண் வந்துவிடும். நுண்துகள் தப்பியது தராசுக்குத் தெரியாது.

1999-இல் அமெரிக்காவின் ஆஷ்ரே பொறியாளர் சங்கம் 52.2 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. 0.3 முதல் 10 மைக்ரான் வரை 12 அளவுகளாகப் பிரித்து, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் துகள்களை எண்ணச் சொன்னது. எனக்கு அதில் பிடித்தது இன்னொன்று. தூசியை ஏற்றி ஏற்றிச் சோதிப்பார்கள்; ஒவ்வொரு அளவிலும் ஃபில்டர் எப்போது மிக மோசமாகப் பிடித்ததோ, அந்தக் கணக்குதான் செல்லும். மெர்வ் என்ற ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தே ‘குறைந்தபட்சம்’ என்பதைக் குறிப்பது. புதுசாகப் பிரித்த அன்றைக்கு நன்றாக வேலை செய்தது என்பதை மட்டும் வைத்து இந்த எண்ணை வாங்க முடியாது.

இன்றைய விதிப்படி மெர்வ் 13 என்றால் 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகளில் பாதியாவது பிடிபட வேண்டும். மெர்வ் 8-க்கு அந்த அளவில் நிபந்தனையே கிடையாது.

சிறிய கட்டடங்களில்தான் சிக்கல். வழக்கமான ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அதிலுள்ள வலை பருத்த தூசிக்கானது. வெளிக்காற்றுக்கென்று சின்ன விசிறியும் டக்டும் வைத்தால், நெருக்கமான ஃபில்டரில் விசிறி திணறுகிறது, காற்று குறைகிறது. உடனே 13-ஐக் கழற்றி 8-ஐ மாட்டுகிறார்கள். லாரிகள் ஓடும் தெருவில் இதைச் செய்யவே கூடாது. ஃபில்டரின் பரப்பைக் கூட்டினால் அதே விசிறி போதும். ஆழமான பெட்டிக்குள் விசிறிமடிப்பாக நிறையக் காகிதம் அடங்கும். காற்று மெதுவாக நுழையும், எதிர்ப்பும் குறையும். அந்தப் பெட்டிக்கான இடத்தைப் பிளான் போடும்போதே ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கேட்டு வாங்குங்கள், கையை விட்டு ஃபில்டரை மாற்றுகிற அளவுக்கு.