யார் முதலில் வாய் திறப்பது?



இன்று பேருந்துக்குள் ஒருவர் பீடி பற்றவைத்தால் மொத்த வண்டியும் திரும்பிப் பார்க்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அப்படியில்லை. சினிமாக் கொட்டகையில் ‘புகை பிடிக்காதீர்’ என்று சிலைடு போடுவார்கள். அதைக் காட்டும் வெளிச்சத்திலேயே புகை சுருள் சுருளாக ஏறும். பள்ளிக்கூட ஆசிரியர் அறைகளில்கூட சாம்பல் கிண்ணம் இருந்தது. புகைத்தவர் உட்கார்ந்திருப்பார், இருமியவர்தான் எழுந்து வெளியே போவார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1890-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி, புகைப்பதற்கென்று ஒதுக்காத பெட்டியில் சக பயணிகளின் சம்மதமின்றிப் புகைத்தால் அபராதம். அதாவது, புகைப்பவர்தான் கேட்க வேண்டும். 1989-இல் வந்த புதிய சட்டமோ, பெட்டியில் யாராவது ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது என்றது. வாய் திறக்கும் பொறுப்பு மற்றவர் தலையில் விழுந்தது. கைக்குழந்தையோடு மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண், எதிரே இருக்கும் நாலு ஆண்களிடம் எப்படிச் சொல்வாள்?

இதற்குள் மருத்துவம் ஒரு படி முன்னே போயிருந்தது. 1981-இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா, புகைக்காத மனைவியர் 90,000-க்கும் மேற்பட்டோரை 14 ஆண்டுகள் கவனித்த முடிவை வெளியிட்டார். கணவர் அதிகம் புகைத்தால் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடியது. அதுவரை ‘நாற்றம்’ என்று முகம் சுளித்த விஷயம், உயிர்ப் பிரச்சினையானது.

1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது மற்றவரின் வாழ்வுரிமையைப் பறிப்பது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பளித்த இருவரில் ஒருவர் நம் தேவகோட்டைக்காரரான நீதிபதி ஏ.ஆர்.லட்சுமணன். 2001-இல் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், மருத்துவமனை, பள்ளி, நூலகம், ரயில் போன்ற இடங்களில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2003-இல் மத்திய அரசின் சட்டம் வந்தது. 2008 காந்தி ஜெயந்தி முதல் அலுவலகம், திரையரங்கு எல்லாம் அதற்குள் வந்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். இடத்தை நடத்துபவரும் பொறுப்பாளியானார். இனி அந்தப் பெண் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் ஹிராயாமா கவனித்த பெண்கள் புகையைச் சுவாசித்தது ரயிலில் அல்ல, வீட்டில். நம் சட்டம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. அங்கே பேரக்குழந்தை தாத்தாவிடம் ஆட்சேபம் தெரிவிக்காது. என் வயதொத்த உறவினர்களே, குழந்தை கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாமே எழுந்து வெளியே போய்விடுவோம்.