கிருஷ்ணகிரி மலையில் இரண்டு மணி நேரம்

ஓசூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதே கிருஷ்ணகிரிக் கோட்டை மலை கண்ணில் படும். செங்குத்தான மொட்டைப் பாறை. சையத் பாஷா மலை என்பார்கள். பகலில், வெறுங்கையோடு ஏறின எனக்கே பாதியில் மூச்சு வாங்கிடுச்சு. இதே மலையில் ராத்திரியில், ஏணியைத் தூக்கிக்கிட்டு ஏறப் பார்த்தவர்களின் கதை இது.

1791, மூன்றாம் மைசூர்ப் போர். மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்த கார்ன்வாலிஸ், மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்த் திரும்பிவிட்டார். தானியம் இல்லை, வண்டி மாடுகள் செத்து விழுந்தன. பெரிய பீரங்கிகளைத் தாங்களே உடைத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். மறுபடி போவதற்கு முன், சென்னைப் பக்கமிருந்து தானியம் வரும் வழி பத்திரமாகணும். அந்த வழி நம்ம ஓசூரும் பாராமகாலும்தான். ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் கம்பெனி கைக்கு வந்தன. கிருஷ்ணகிரி மட்டும் திப்புவிடமே இருந்தது.

நவம்பர் 7 இரவு, கர்னல் மேக்ஸ்வெல்லின் காலாட்படை திடீரெனத் தாக்கியது. கீழ்க்கோட்டை சட்டென்று விழுந்தது. காவலர்கள் மேல்கோட்டைக்கு ஓட, துரத்தியவர்கள் வாசற்படிவரை போய் ஒரு கொடியைக்கூடப் பறித்துவிட்டார்கள். ஆனால் கதவு சாத்திக்கொண்டது.

அப்புறம் ஏணிதான் வழி. ஏணி வைக்க வைக்க, மேலிருந்து பெரிய பெரிய பாறைகள் உருண்டு வந்தன. ஏணியும் நொறுங்கியது, பிடித்திருந்த ஆளும் நொறுங்கினான். சுமார் இரண்டு மணி நேரம் முயன்றுவிட்டு மேக்ஸ்வெல் பின்வாங்கினார்.

அடுத்த மாதமே சாவனதுர்கம் என்ற இதைவிடப் பெரிய மலைக்கோட்டை விழுந்தது. அங்கே முதலில் பீரங்கி வைத்து மதிலை இடித்தார்கள், பிறகுதான் ஆட்களை ஏற்றினார்கள். கிருஷ்ணகிரியில் நம்பியது திடீர்த் தாக்குதலை மட்டும். கதவு மூடினதும் அந்தத் திட்டம் முடிந்துபோச்சு. அதற்குப் பிறகு செத்தவர்கள் எல்லாம் வீணாகச் செத்தவர்கள்.

இப்படிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கிருஷ்ணகிரி கையில் இல்லாமலேயே 1792 பிப்ரவரியில் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடைந்தார். மார்ச்சில் உடன்படிக்கை. பாராமகாலோடு சேர்த்து இந்த மலையும் கம்பெனிக்குப் போனது, ஒரு கையெழுத்தில்.

ரீடும் மன்றோவும் நிலம் அளக்க வந்தது அதன் பிறகு. அவர்கள் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கு. ஏணி பிடித்தவன், கல் உருட்டியவன் பெயர் எங்கேயும் இல்லை. அடுத்த தடவை மலை ஏறினா, அந்தப் பழைய வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்னு கீழே பாருங்க.