மஞ்சள் முக்கோணம் பிறந்த கதை

மெரினா கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்தபடி வளைந்து நிற்கிறது ஒரு பழைய கட்டடம். அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்த நிறுத்தத்தில் இறங்குபவர்கள் இன்றும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். 1842-ல் அந்த வட்டச் சுவர்கள் எழுந்ததே ஐஸ் கட்டிகளுக்காகத்தான். பாஸ்டன் நகர வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் பனிக்காலத்தில் உறைந்த நீரைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி மதராஸுக்கு அனுப்பினார். பல மாதக் கடல் பயணத்தில் கரைந்தது போக மிஞ்சியது துரைமார்களின் கோப்பைகளுக்குப் போனது. இயந்திரத்தால் ஐஸ் செய்யும் வித்தை இந்தியாவுக்கு வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது, கட்டடமும் கைமாறியது. குளிர்ச்சியை இனிக் கப்பலில் கொண்டுவர வேண்டாம், இருக்கும் இடத்திலேயே செய்துகொள்ளலாம் என்றானது. எதை வைத்துச் செய்வது என்பதில்தான் உயிர்கள் போயின.

ஃப்ரிட்ஜின் தத்துவம் மண்பானையின் தத்துவம்தான். திரவம் ஆவியாகும்போது பக்கத்திலிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பானையிலிருந்து போன ஆவி போனதுதான். ஃப்ரிட்ஜில் அதைக் கம்ப்ரஸர் பிடித்து அழுத்தி, மீண்டும் திரவமாக்கிச் சுற்றுக்கு அனுப்பும். 1920-களில் அந்தக் குழாய்களுக்குள் ஓடியவை அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மீதைல் குளோரைடு. மூன்றும் விஷம். 1926-ல் பெர்லினில் ஒரு குடும்பம் ஃப்ரிட்ஜிலிருந்து கசிந்த வாயுவால் தூக்கத்திலேயே இறந்துபோன செய்தி ஐன்ஸ்டைனை உலுக்கியது. நண்பர் லியோ சிலார்டுடன் உட்கார்ந்து, அசையும் பாகமே இல்லாத, கசிவதற்கு வழியே இல்லாத ஒரு ஃப்ரிட்ஜை வடிவமைத்துக் காப்புரிமையும் வாங்கினார். அது எந்தச் சமையலறைக்கும் போய்ச் சேரவில்லை. அதற்குள் அமெரிக்காவில் ஒருவர் சுலபமான வழியைக் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் தாமஸ் மிட்ஜ்லி, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வேதியியலாளர். பெட்ரோலில் ஈயத்தைக் கலக்கச் சொன்னவரும் அவர்தான். 1930-ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தின் மேடையில் அவர் ஒரு வாயுவை நெஞ்சு நிறைய இழுத்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவர் மயங்கி விழவில்லை. நிதானமாக ஊதினார், எதிரே எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தி அணைந்தது. விஷம் இல்லை, தீப்பிடிக்காது என்ற இரண்டையும் ஒரே மூச்சில் காட்டிவிட்டார். குளோரோஃப்ளோரோகார்பன் (சி.எஃப்.சி.) என்ற அந்த வாயுக் குடும்பம் ‘ஃப்ரியான்’ என்ற வணிகப் பெயரில் உலகமெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தது. போலியோவால் படுக்கையில் விழுந்த மிட்ஜ்லி, எழுந்து உட்காரக் கயிறும் கப்பியுமாகத் தானே ஒரு கருவி செய்துகொண்டார். 1944 நவம்பர் 2 அன்று அந்தக் கயிறே கழுத்தில் சுற்றி அவர் உயிர் போனது. மூன்று வாரம் கழித்து, நவம்பர் 24 அன்று, மதராஸில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மிட்ஜ்லியின் வாயு மறைத்து வைத்திருந்த ரகசியத்தைக் கண்டுபிடிக்கப்போவது அந்தக் குழந்தைதான்.

வீரபத்ரன் ராமநாதன் என்று அதற்குப் பெயர். பதினோரு வயதில் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போனான் சிறுவன். தமிழில் படித்துக்கொண்டிருந்தவனுக்கு அங்கே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். வாத்தியார் சொல்வது புரியாமல் கேட்பதையே விட்டுவிட்டு, எதையும் தானாக யோசித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் அப்போதுதான் வந்தது என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்ததும் செகந்திராபாத்தில் ஃப்ரிட்ஜ் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. குழாய்களிலிருந்து ஃப்ரியான் ஏன் கசிகிறது, அதை எப்படித் தடுப்பது என்று பார்க்கும் வேலை. கசிந்தால் யாருக்கும் கேடில்லை, பணம்தான் நஷ்டம் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அந்த வேலை அவருக்கு அலுத்துப்போனது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் படிக்கப் போனார், 1970-ல் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். ஃப்ரியானைத் தலைமுழுகிவிட்டதாகத்தான் நினைத்திருப்பார்.

ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் அவர் நம்பிப் போன பேராசிரியர் ராபர்ட் செஸ், பொறியியலை ஓரங்கட்டிவிட்டுக் கோள்களின் காற்றுமண்டலத்துக்கு மாறியிருந்தார். ஃப்ரிட்ஜ் குழாயோடு மல்லுக்கட்டிய இளைஞர் வெள்ளியையும் செவ்வாயையும் படிக்க வேண்டியதாயிற்று. வெள்ளியில் கரியமில வாயு போர்வைபோல மூடி, வெளியேற வேண்டிய வெப்பத்தைப் பிடித்துவைத்து, தரையையே உலையாக்கி வைத்திருக்கிறது. அந்தக் கணக்குகளை அவர் கரைத்துக் குடித்தார். வேலைக்கு உதவாத படிப்பு என்று யாரும் சொல்லியிருக்கலாம். அது உதவப்போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அதே சமயம் பிரிட்டனில் ஜேம்ஸ் லவ்லாக், தானே செய்த ஒரு கருவியோடு ‘ஷேக்கில்டன்’ கப்பலில் அண்டார்டிகா பக்கம் போனார். வழியெங்கும் காற்றைச் சோதித்தால், மனித வாடையே இல்லாத நடுக்கடலிலும் ஃப்ரியான் இருந்தது. ஆனாலும் 1973-ல் எழுதிய கட்டுரையில், இதனால் எந்த ஆபத்தும் வர வழியில்லை என்று அவர் குறிப்பிட்டார். பின்னாளில் அந்த வரிக்காக வருந்தினார். மறு ஆண்டே கலிஃபோர்னியாவில் ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் வேறு விடை சொன்னார்கள். அழியாத அந்த வாயு மெல்ல மேலேறிச் சூரியனின் புற ஊதாக் கதிரில் உடையும், அதிலிருந்து பிரியும் குளோரின் ஓசோனைத் தின்னும். செய்தி ராமநாதனின் காதுக்கும் எட்டியது. உலகம் ஓசோனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் மனசு செகந்திராபாத்துக்குப் போனது.

அங்கே கசிந்த அத்தனையும் இன்னும் காற்றில்தான் இருக்கிறதா? இருந்தால், அது வெப்பத்தையும் பிடித்துவைக்குமா? அப்போது அவர் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வேறு வேலையில் இருந்தார். வெள்ளி கிரகத்துக்குப் போட்ட கணக்கைத் தன் சொந்த ஆர்வத்தில் ஃப்ரியானுக்குப் போட்டுப் பார்த்தார். வந்த எண்ணை அவராலேயே நம்ப முடியவில்லை. ஃப்ரியானின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகள் செய்யும் வேலையைச் செய்தது. பூமியிலிருந்து வெப்பம் வெளியேறக் காற்றுமண்டலத்தில் ஒரு சன்னல் திறந்திருக்கிறது. நீராவியும் கரியமில வாயுவும் அடைக்காமல் விட்டிருந்த அந்தச் சன்னலில் இந்த வாயு போய் உட்கார்ந்துகொண்டது. தப்பெங்கே என்று தேடித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. 1975 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழ் அதை வெளியிட்டது. புவி சூடாவதற்குக் கரியமில வாயு மட்டும்தான் காரணம் என்ற எண்ணம் அன்றோடு உடைந்தது. ஆனால் கணக்கைப் படித்தவர்களில் பலர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

அதற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. காற்றில் அந்த வாயுவின் அளவு ஒரு லட்சம் கோடியில் சில நூறு பங்கு. இத்தனூண்டு சமாசாரத்துக்கு உலகம் கவலைப்பட வேண்டுமா? சென்னையில் பேசினால் வாதம் வேறு தினுசில் வரும். கத்திரி வெயில் என்றைக்கு இல்லாமல் இருந்தது, தாத்தா காலத்திலும் மே மாதம் மே மாதம்தானே என்பார்கள். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானபோதும் அப்படித்தான் பேசினார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. ஒரு நாள் வெயில் எதையும் நிரூபிக்காது. வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும் இயல்பான சூட்டிலிருந்து, மனிதன் சேர்த்த சூட்டைப் பிரித்தறிவது எப்போது சாத்தியம்? 1980-ல் ராமநாதனும் ரோலண்ட் மேடன் என்ற ஆய்வாளரும் இதே கேள்வியைக் கையில் எடுத்தார்கள். கைவசம் இருந்த அளவீடுகளில் இன்னும் தெளிவாகத் தெரியவில்லை என்பதை மறைக்காமல் எழுதினார்கள். கூடவே ஒரு கெடுவும் வைத்தார்கள்: 2000-க்குள் தெரிந்துவிடும். 2001-ல் ஐ.நா.வின் காலநிலைக் குழு, கடந்த ஐம்பது ஆண்டுச் சூட்டில் பெரும்பகுதி மனிதச் செயலால் வந்திருக்கவே வாய்ப்பு என்று அறிவித்தது. கெடு பலித்தது. கவலை தேவையா என்ற விவாதத்தில், தோற்றால் எல்லோரும் பார்க்கட்டும் என்று தேதி போட்டுத் தந்த அந்த நேர்மைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

ஃப்ரியானுக்கு நெருக்கடி வந்தது ஓசோன் வழியாக. அண்டார்டிகாவின் ஹேலி விரிகுடாவில் ஜோசஃப் ஃபார்மன் குழுவின் பழைய கருவி ஓசோன் சரிவதாகக் காட்டியது. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று புதிதாக ஒன்றை வரவழைத்தார்கள், அதுவும் அதையே சொன்னது. 1985-ல் அது வெளிவந்தது. அதே ஆண்டு, ராமநாதனும் சக ஆய்வாளர்களும் ஃப்ரியான் போன்ற சில்லறை வாயுக்கள் எல்லாம் சேர்ந்தால் கரியமில வாயுவுக்குச் சமமாகவே சூடேற்றும் என்று கணக்குக் காட்டினார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியலில் ஃப்ரியானைக் குறைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. கையெழுத்துப் போடாத முக்கியமான நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இந்தியாவின் மறுப்பில் அறம் இருந்தது. ஓசோனில் ஓட்டை போட்டவர்கள் பணக்கார நாடுகள். இங்கோ பெரும்பாலான வீடுகளில் ஃப்ரிட்ஜே கிடையாது. மாற்று வாயுவின் காப்புரிமையும் அவர்கள் கையில், விலையும் அவர்கள் வைப்பது. 1990 லண்டன் கூட்டத்தில் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த மேனகா காந்தி இதை உரக்கச் சொன்னார். வளரும் நாடுகள் மாறுவதற்கு ஆகும் செலவைத் தர ஒரு நிதியம் அங்கே உருவானது. 1992 ஜூனில் இந்தியா சேர்ந்தது. கவலைப்பட வேண்டும் என்பதும், செலவை யார் ஏற்பது என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்று அன்று நிரூபணமானது. அந்த வாயுவைத் தயாரித்த இந்திய ஆலைகளில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கெம்ப்ளாஸ்ட் சன்மார் நிறுவனத்துடையது. 2008 ஆகஸ்ட் 1 முதல், ஒப்பந்தக் கெடுவுக்குப் பதினேழு மாதம் முன்பாகவே, நாடு முழுக்க ஃப்ரியான் தயாரிப்பு நின்றது. எல்லாம் சுபம் என்று கதையை முடிக்கப் பார்த்தால், மாற்றாக வந்தது கழுத்தறுத்தது.

தி.நகர் உஸ்மான் சாலைக் கடைகளில் ‘சி.எஃப்.சி. இல்லாதது’ என்ற பச்சை ஸ்டிக்கரோடு நின்ற ஃப்ரிட்ஜ்களில் ஆர்-134ஏ என்ற வாயு ஓடியது. ஓசோனுக்கு அது தீங்கு செய்யவில்லை. ஆனால் எடைக்கு எடை கரியமில வாயுவைவிடச் சுமார் 1,400 மடங்கு சூடேற்றியது. 1975-ல் ராமநாதன் கேட்ட கேள்வியை மறந்துவிட்டு, ஓசோனை மட்டும் பார்த்துச் செய்த தேர்வு அது. மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஃப்ரிட்ஜ் குளிராமல் போனால் மெக்கானிக் வந்து ‘கேஸ் அடிக்கணும்’ என்பார். மிச்சமிருந்த பழைய கேஸ் ‘உஸ்’ என்ற ஒரு சத்தத்தோடு பால்கனி வழியாகப் போகும். செகந்திராபாத் கசிவு, வீட்டுக்கு வீடு தொடர்ந்தது. விடை அதற்குள்ளேயே பிறந்துவிட்டிருந்தது, மூடப்படவிருந்த ஒரு தொழிற்சாலையில்.

ஜெர்மனி ஒன்றானதும், கிழக்கு ஜெர்மனியின் ஷார்ஃபன்ஸ்டைன் ஊரில் இருந்த ஃப்ரிட்ஜ் ஆலையை இழுத்து மூட 1992-ல் முடிவானது. டார்ட்மண்ட் நகரில் இரண்டு சுகாதார ஆய்வாளர்கள், சமையல் கேஸின் சொந்தங்களான புரொப்பேனையும் பியூட்டேனையும் கலந்து ஒரு ஃப்ரிட்ஜை ஓட்டிக்காட்டியிருந்தார்கள். கிரீன்பீஸ் அமைப்பு இந்த இரண்டையும் முடிச்சுப்போட்டு, அந்த ஆலையிடம் பத்து ஃப்ரிட்ஜ் செய்யச் சொன்னது. சமையலறையில் வெடிகுண்டு என்று பெரிய நிறுவனங்கள் மிரட்டிப் பார்த்தன. ஜனங்கள் பயப்படவில்லை, செய்து முடிக்கும் முன்பே பல்லாயிரக்கணக்கில் ஆர்டர் குவிந்தது. 1993 மார்ச்சில் முதல் ஃப்ரிட்ஜ் வெளியே வந்தது. மிரட்டிய நிறுவனங்களே அடுத்து அதைச் செய்ய ஆரம்பித்தன. வித்தை யாருக்கும் காப்புரிமையாகப் பூட்டப்படவில்லை. ஆனால் அதைப் பெற்றெடுத்த ஆலை 1996-ல் திவாலானது. அந்தக் கலவை பிறகு ஐசோபியூட்டேன் என்ற ஒற்றை வாயுவாகச் சுருங்கி, இந்தியத் தொழிற்சாலைகளுக்கும் வந்தது. அதன் சூடேற்றும் திறன் ஃப்ரியானோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஒரே குறை, தீப்பிடிக்கும். 1930 மேடையில் மிட்ஜ்லி துரத்தியடித்த அதே குறை.

2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில், சூடேற்றும் மாற்று வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. முழுமையாக நடந்தால் 2100-க்குள் அரை டிகிரி வரை சூடு மிச்சம். 2047-க்குள் இந்தியா 85 சதவீதம் குறைக்க வேண்டும். அடையாறு அடுக்குமாடிகளின் சுவரில் வரிசையாகத் தொங்கும் ஏ.சி. பெட்டிகளில் பெரும்பாலானவை இன்னும் அந்தப் பாதையைக் கடந்து முடிக்கவில்லை. வீட்டு ஃப்ரிட்ஜ் கடந்துவிட்டது.

மே மாத மத்தியானங்களில் உஸ்மான் சாலையிலிருந்து மாட வீதிக்கு வண்டியில் வந்து இறங்கும் புது ஃப்ரிட்ஜ்களை இரண்டு பேர் கயிறு கட்டிக் குறுகலான படியில் ஏற்றுகிறார்கள். கடையில் லிட்டர் கேட்டிருப்பார்கள், ஸ்டார் கேட்டிருப்பார்கள், எக்ஸ்சேஞ்சுக்குப் பழசை எவ்வளவுக்கு எடுப்பார்கள் என்று பேரம் பேசியிருப்பார்கள். படி வளைவில் பெட்டி திரும்பும்போது ஒரு நொடி பின்பக்கம் தெரியும். கறுப்புக் கம்ப்ரஸரின் மேல் ஒட்டியிருக்கிறது தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு மஞ்சள் முக்கோணம். அதன் நடுவில் ஒரு தீச்சுடர், பக்கத்தில் ஆர்-600ஏ, ஐம்பது கிராமை ஒட்டிய ஓர் எடை. 14.2 கிலோ சிலிண்டர் நிற்கும் அடுப்பங்கரைக்குள் அந்த ஐம்பது கிராம் நுழைகிறது. காற்றுப் போகச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்துகிறார்கள், முக்கோணம் சுவர்ப் பக்கம் மறைகிறது, பிளக்கைச் சொருகியதும் கம்ப்ரஸர் மெல்ல உறும ஆரம்பிக்கிறது.